ஆற்றில் நடுங்காத கை

பேர்லேண்ட், டெக்சஸ்
ஜனவரி 12, 2025

அன்புள்ள மதினி,

என் நம்பரை நீங்கள் பிளாக் பண்ணியிருப்பது தெரியும். ஜெபினாவின் போனிலிருந்து கூப்பிடலாம் என்று பார்த்தேன். என் பொண்டாட்டியாக இருந்தும் அவள் சம்மதிக்கவில்லை. "அது திருட்டுத்தனம். எழுதுங்க. அவங்க படிக்கிற மனுஷி, படிச்சிட்டுத்தான் கிழிப்பாங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். தமிழில் கடைசியாகக் கடிதம் எழுதியது காலேஜ் ஹாஸ்டலிலிருந்து, அம்மாவுக்கு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் எப்படி இருக்கிறார்? நான் போன் பண்ணினால், "நல்லாயிருக்கேன்டே, பொறவு பேசுதேன்" என்கிறார். பின்னால் நீங்கள் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்கிறது. உடனே வைத்துவிடுகிறார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் "நீ கிளம்பு" என்றீர்கள். கிளம்பிவிட்டேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். நவம்பரில், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், சாயங்காலம், டெலவேர் ஆறு. வால்ஐ மீன் வெளிச்சம் மங்கும்போதுதான் இரைக்கு வரும். அது உங்களுக்கே தெரியும். இத்தனை வருஷமாக அண்ணன் உங்கள் சாயங்காலங்களை அந்த மீனுக்குத்தானே கொடுத்தார். நல்ல மீன் ஒன்று மாட்டியது. நான் பின்னால் மோட்டாரைப் பிடித்திருந்தேன். அவர் வலையை எடுக்க எழுந்தார். கை உதறியது, வலை நழுவியது, அதைப் பிடிக்கக் குனிந்தார். அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் தோள்பட்டையில் பிடித்து இழுத்துவிட்டேன். போட்டுக்குள் கிடந்து பல் கிட்டியபடி அவர் கேட்ட முதல் கேள்வி, "மீன் போச்சா?"

அவருக்குப் பார்க்கின்சன் என்பது எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் போட்டை விற்கப்போகிறீர்கள் என்று அண்ணன் சொன்னார். அதை மட்டும் செய்யாதீர்கள் மதினி. அந்த ஒன்றைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்புடன்
காலேப்

*

எடிசன், நியூ ஜெர்சி
ஜனவரி 26, 2025

காலேப்,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை என்று ஜெபினாவிடம் சொல்.

இனி வீட்டு முகவரிக்கு எழுதாதே. உன் அண்ணன் தினமும் தபால் பெட்டி வரை நடந்துபோய் வருகிறார். இப்போது அவருக்கு இருக்கும் வேலைகளில் அது ஒன்று. உன் கையெழுத்தைப் பார்த்தால் நாள் முழுவதும் அவர் முகத்தில் ஒரு கேள்வி இருக்கும். கேட்கவும் மாட்டார். உறையின் பின்புறம் என் அலுவலக முகவரியை எழுதியிருக்கிறேன்.

என் கோபத்தை நீ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். ஆற்றில் விழுந்தது விபத்து. விபத்துக்கு நான் யாரையும் குற்றம் சொல்வதில்லை. அவசரப் பிரிவில் அந்த நர்ஸ் கணினித் திரையைப் பார்த்தபடியே, என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டாள். "ஒன்றும் இல்லை" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ மாத்திரையின் பெயர், அளவு, நாளைக்கு எத்தனை தடவை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாய். அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டாள். மனைவி என்றேன். என் காதுக்கே அது பொய் போல ஒலித்தது.

ஆறு அதற்குப் பிறகுதான் வருகிறது, காலேப்.

கேட்டாய் என்பதால் சொல்கிறேன். அவர் நன்றாக இல்லை. இப்போது மாத்திரை என் பொறுப்பு. காலை, மதியம், இரவு, சாப்பிட்டு முடித்ததும் என் கையால் எடுத்துக் கொடுக்கிறேன். வெறும் வயிற்றில் எதையும் போட விடுவதில்லை. வாரத்தில் நான் அலுவலகம் போகும் இரண்டு நாட்களிலும் போனில் கூப்பிட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டு, அவர் தண்ணீர் குடிக்கும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் வைக்கிறேன். ஃப்ரீசர் நிறைய அவர் பிடித்த வால்ஐ இருக்கிறது. ஆற்றுக்குத்தான் போக விடவில்லை, மீனாவது சாப்பிடட்டும் என்று, மதியம் தவறாமல் மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்துக் குழம்பு வைக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் முகம் சுளிக்காமல் சாப்பிடக்கூடிய ஒரே ஆற்று மீன் இது என்று அவர் சொல்வது சரிதான். மண்வாடை கிடையாது. காலையில் இரண்டு முட்டை. இளைத்துவிட்டார், உடம்பு தேற வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

இவ்வளவு செய்தும் இறங்குமுகம்தான். நவம்பரில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டவர், இப்போது மதியத்துக்கு மேல் கரண்டி பிடிக்கச் சிரமப்படுகிறார். இந்த நிலையில் போட் எதற்கு? டிரைவ்வேயில் நீலத் தார்பாய்க்கு அடியில் கிடக்கிறது. தினமும் அதைச் சுற்றித்தான் நான் காரை வெளியே எடுக்கிறேன். விற்கத்தான் போகிறேன்.

கிருபாராணி

*

பேர்லேண்ட்
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள மதினி,

அந்த நர்ஸ் கேட்டபோது நான் யோசிக்கவில்லை. அண்ணன் நீலம் பாரித்துக் கிடந்தார். தெரிந்ததைச் சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

ஏன் மறைத்தோம் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். போன வருஷம் உங்கள் அப்பா படுக்கையில் இருந்தார். நீங்கள் நாகர்கோவிலுக்கும் எடிசனுக்குமாகப் பறந்துகொண்டிருந்தீர்கள். எனக்கு நியூ ஜெர்சியில் புராஜெக்ட் இருந்ததால் மாதம் ஒரு தடவை வந்தேன் அல்லவா? ஆற்றுக்குப் போகிற வழியில் அண்ணன் சொன்னார். "அவ தோள்ல இப்ப எடமில்லடே. மாமா காரியம் ஒரு வழி ஆகட்டும், நானே சொல்லுதேன்." மாமா காரியம் முடிந்தது. பிறகு மகள் ரெபெக்கா காலேஜுக்குப் போனாள், நீங்கள் அழுதீர்கள். பிறகு உங்கள் ஆபீசில் லேஆஃப். சொல்ல நல்ல நாள் ஒன்று வரும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். வரவில்லை.

கரண்டி பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் நம்பவே முடியவில்லை. நான் சொல்வதை நீங்களும் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். ஆற்றில் அண்ணன் கை நடுங்காது. கர்த்தர் மேல் ஆணையாக மதினி. போட்டைத் தண்ணீரில் இறக்கும்போது கொஞ்சம் ஆட்டம் இருக்கும். வெளிச்சம் இறங்க இறங்க அதுவும் நின்றுவிடும். தூண்டில் நரம்பில் முடிச்சு போடுவார் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு நான் இரண்டு தடவை தோற்கிற முடிச்சை, இருட்டில், ஒரே தடவையில். "லே, ஒனக்குத்தான் வியாதி, எனக்கில்ல" என்பார்.

ஆறுதான் அவருக்கு மருந்து என்று நான் நினைக்கிறேன்.

அவருக்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. போட்டில் சாப்பாடு கூடாது. மசாலா பட்ட கையால் இரையைத் தொட்டால் வால்ஐ மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். மத்தியானமே சாப்பாட்டை நிறுத்திவிடுவார், வெறும் கறுப்புக் காபி. எனக்குப் பசியில் கண் இருட்டும். "இது என்ன அண்ணே, இவ்வளவு ஆசாரம் பாக்குற மீனு?" என்றால், "ஆசாரம் பாக்குறதாலதான் சுத்தமா இருக்கு, ஒன்னய மாதிரியா?" என்பார்.

அந்தச் சட்டத்தை மீறியது ஒரே ஒரு நாள், அவர் ஆற்றில் விழுந்த அன்று. நீங்கள் கட்டிக்கொடுத்த வான்கோழி பிரியாணி. வாசனை தாங்காமல் டப்பாவைத் திறந்தது நான்தான். "ஒரு வாய் அண்ணே" என்றேன். "ஆறு கோவிச்சுக்கிடும்டே" என்று சொல்லிக்கொண்டே பாதி டப்பாவைக் காலி பண்ணினார். ஆறு கோபித்துக்கொண்டதோ என்னவோ.

காலேப்

*

எடிசன்
பிப்ரவரி 23, 2025

காலேப்,

ஆறுதான் மருந்து என்றால் நான் வேலை பார்க்கும் கம்பெனியை மூடிவிடலாம். அங்கே ஒரு மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்று எண்களை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகச் சண்டை போடுகிறோம். நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய்.

கோபத்தில் எழுதவில்லை. அலுப்பில் எழுதுகிறேன். இந்த மாதம் எனக்கு இது நான்காவது வைத்தியம். சர்ச்சிலிருந்து தாமரைச்செல்வி ஆன்ட்டி ஜெபம் பண்ணிய எண்ணெய் கொண்டுவந்தார். அவர் போன பிறகு அது என்ன எண்ணெய் என்று மோந்து பார்த்தேன், ஆலிவ். ஒருவர் மஞ்சள் என்கிறார். இன்னொருவர், நான் ஒருநாள்கூட முழு இரவு ஜெபத்துக்கு வராததைத் தன் மனைவியிடம் சொல்வது போல என் காதில் போட்டார். எல்லாரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு அன்புக்கும் டீ போட வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை கராஜில் ஏதோ சிதறும் சத்தம் கேட்டுப் போனேன். அவர் தூண்டில் பெட்டியைத் திறந்திருக்கிறார். ஈயக் குண்டு வைத்த அந்தச் சின்னக் கொக்கிகள் தரை முழுவதும். அவர் முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பார்க்கிறார். விரல் போகும் இடத்துக்குக் கொக்கி வரவில்லை.

"எந்திரிங்க. நான் எடுக்கேன்."

"நீ குத்திக்கிடுவ."

"நீங்க மட்டும் குத்திக்கிட மாட்டீங்களா?"

"ஆத்துல நடுங்காது, ராணி."

அதையேதான் நீயும் எழுதியிருக்கிறாய். நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்குள் பேச்சே ஓடுவதில்லை. அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது. தனித்தனியாக இரண்டு சாட்சிகள் ஒன்றையே சொன்னால் அதைத் தள்ளிவிட எனக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டலாம் என்கிறார். ஒழுங்காக எடுக்கிறாரா என்று கேட்டார். ஒரு வேளைகூடத் தவறாமல் என் கையால் கொடுக்கிறேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

போட்டை வெங்கடகிருஷ்ணன் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உன் அண்ணனின் பழைய ஆபீஸ் நண்பர். முட்டைகூடத் தொடாத மனிதர். பிடித்த மீனை மன்னிப்புக் கேட்டுத் திருப்பி விட்டுவிடுவாராம். மார்ச் கடைசியில் வந்து எடுத்துப்போவார்.

ஒன்று கேட்கிறேன். கதை வேண்டாம், பதில் மட்டும் எழுது. ஆற்றுக்குப் போகும் நாட்களில் அவர் சாயங்கால மாத்திரையை எப்போது போட்டார்? அதற்கு முன்னும் பின்னும் எப்போது சாப்பிட்டார்? பிரியாணி சாப்பிட்ட அன்று மாத்திரை அதற்கு முன்னாலா, பின்னாலா?

கிருபாராணி

*

பேர்லேண்ட்
மார்ச் 2, 2025

அன்புள்ள மதினி,

பதில் மட்டும்.

78-ஆம் நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட நிறுத்துவோம். அங்கே வாங்குகிற கறுப்புக் காபியோடுதான் மாத்திரை. வயிறு அப்போது காலி. சாப்பாடு, போட்டைக் கரையேற்றி டிரெய்லரில் கட்டிய பிறகு. எப்போதும் அப்படித்தான்.

பிரியாணி அன்று மட்டும் பெட்ரோல் போட நிறுத்தவில்லை, டேங்க் நிறைய இருந்தது. போட்டில் பிரியாணி தின்றார், அதன் பிறகு ஆற்றைப் பார்த்தபடி பாட்டில் தண்ணீரில் மாத்திரையைப் போட்டார்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. அண்ணன் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த நாட்களில் காலை மாத்திரையை மெட்ரோபார்க் ஸ்டேஷன் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து போடுவார். வீட்டில் போட்டால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள். ரயிலில் ஏறி, நியூயார்க்கில் இறங்கித்தான் காலைச் சாப்பாடு.

ஏன் கேட்கிறீர்கள்? உங்கள் கேள்வியை ஜெபினாவிடம் படித்துக் காட்டினேன். "இது கோவமா கேக்குற கேள்வி இல்ல" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

காலேப்

*

எடிசன்
மார்ச் 23, 2025

காலேப்,

உன் பதிலை அலுவலக மேஜையில் வைத்துப் படித்தேன். மருந்தோடு கடையில் ஒரு தாள் கொடுப்பார்கள், மடித்து மடித்து, படிக்க முடியாத எழுத்தில். அப்படிப்பட்ட தாள்களில் வரும் எண்களைச் சரிபார்ப்பதும் என் வேலையில் சேர்த்தி. உன் அண்ணனின் மாத்திரையோடு வந்த தாளை நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. மாத்திரை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. அம்மா கொடுத்தாள், நான் ரெபெக்காவுக்குக் கொடுத்தேன். அதில் படித்துத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இந்த மாத்திரை அப்படி இல்லை. வயிற்றில் மீனோ கறியோ முட்டையோ இருந்தால், உடம்பு முதலில் அதை எடுத்துக்கொள்கிறது. மாத்திரை வாசலில் நிற்கிறது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகும் என்றார் டாக்டர். உன் அண்ணன் அந்தச் சிலரில் ஒருவர்.

ஆக, ஆற்றில் கை நடுங்காமல் இருந்தது உண்மைதான். ஆறு காரணம் இல்லை. பட்டினி காரணம். மீனுக்காகக் கிடந்த பட்டினி.

என் கையால், வேளை தவறாமல், மீன் குழம்புக்கு மேல் மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன். அளவைக் கூட்டச் சம்மதித்துவிட்டும் வந்திருக்கிறேன்.

டாக்டர் இதை முதல் நாளே சொல்லியிருக்கிறார். உன் அண்ணனிடம், தனியாக வந்தவரிடம். டாக்டரிடம் பேசிய அன்று இரவே வீட்டில் இவரிடம் கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சொன்னாரு. ஞாபகம் இருக்கு."

"பின்ன ஏன் நான் குடுக்கும்போது வாயத் தெறக்கல?"

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். மருந்து கம்பெனியிலதான வேல பாக்க."

கொஞ்ச நேரம் கழித்து, "ஏற்கெனவே ஒரு வருசம் மறைச்சிட்டேன். நீ குடுக்கத வேண்டாம்னு எந்த வாயால சொல்ல?" என்றார்.

இருபத்துமூன்று வருடமாக ஒரே வீட்டில் இருப்பவர்கள் இப்படியும் இருக்கலாம் போல.

இரண்டு வாரமாக மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. பகலில் இட்லி, சோறு, காய். மீன் இரவுக்கு மட்டும். அளவைக் கூட்டவில்லை. ஐந்தாம் நாள் மதியம் அவர் கரண்டியை எடுத்தார். நான் பார்க்காத மாதிரி ரசத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். எல்லா நாளும் இப்படி இல்லை. நேற்று மோசம். இது வியாதியை நிறுத்தாது, சில வருடங்களில் மாத்திரையின் நல்ல நேரம் தானாகவே குறுகும் என்றும் டாக்டர் சொன்னார். நல்ல செய்தியை மட்டும் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை.

பிரியாணி அன்று நடந்ததற்கும் இதுதான் காரணமா என்று நீ யோசிப்பாய். ஒரே ஒரு நாளை வைத்து நான் எதையும் நிரூபிப்பதில்லை. டப்பாவைத் திறந்தது நீ. கட்டிக்கொடுத்தது நான். அதை அங்கேயே விட்டுவிடு.

உன் மேல் உள்ள கோபம் போகவில்லை. ஆனால் இப்போது அது தனியாக இல்லை, பக்கத்தில் என் மேலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அன்றே என்னிடம் சொல்லியிருந்தால் அந்த டாக்டரின் அறையில் நானும் இருந்திருப்பேன். வேறு எதைச் சொல்ல?

நேற்றுதான் வெங்கடகிருஷ்ணன் வந்து போட்டை எடுத்துப்போனார். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நல்ல நேரம் எந்த நிமிடம் முடியும் என்று யாருக்கும் தெரியாத ஒருவரை, அந்தக் குளிர்ந்த தண்ணீருக்கு நடுவில் உட்கார வைக்க என்னால் முடியாது. உன் அண்ணன் ஜன்னலில் நின்று பார்த்தார். போட் திரும்பியதும், "டிரெய்லர்ல லைட்டு கனெக்ஷன் லூசா இருக்கும், சொல்லிவிடு" என்றார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

கிருபாராணி

*

பேர்லேண்ட்
ஏப்ரல் 6, 2025

அன்புள்ள மதினி,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். போட் போய்விட்டது என்று படித்ததும் முதலில் கோபம் வந்தது. பிறகு நீங்கள் ஓடிப்போய் அந்த லைட் விஷயத்தைச் சொன்னதைப் படித்தேன்.

ஆறு மருந்து என்று இனி எழுத மாட்டேன். ஆனால் ஒன்று. அந்த மீனுக்குப் பசி வருவது வெளிச்சம் மங்கும்போது. அண்ணனுக்கு நல்ல நேரம் வருவது மாத்திரைக்குக் கொஞ்சம் பிறகு. மாத்திரையை எப்போது போடுவது என்பது இப்போது உங்கள் கையில். நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

போட் இல்லாமலும் பிடிக்கலாம். பெல்விடியர் ஊரைத் தாண்டி, பாலத்துக்குக் கீழே, கார் கிட்டத்தட்ட கரை வரைக்கும் போகும். பெரிய கல் அடுக்கியிருப்பார்கள். ஓட்டமான தண்ணீரும் நிற்கிற தண்ணீரும் சேருகிற கோடு கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டில் போட வேண்டும். கொக்கி தரையைத் தட்டித் தட்டி வர வேண்டும். கடித்தால் வெடுக்கென்று இழுக்காது. ஈரத் துணியில் மாட்டிக்கொண்ட மாதிரி கனக்கும். அதுதான்.

முடிச்சுக்குப் படம் வரைந்திருக்கிறேன், பின்பக்கம். நரம்பை எச்சில் தொட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் உரசுகிற சூட்டில் அறுந்துவிடும். வலையைத் தண்ணீருக்குள் முதலிலேயே வைத்துவிட்டு, மீனைத் தலைப்பக்கமாக உள்ளே வர விடுங்கள். வலையை வைத்துக்கொண்டு மீனைத் துரத்தக் கூடாது. வாயில் விரல் விடாதீர்கள், பல் இருக்கிறது. செவுள் மூடி பிளேடு மாதிரி.

லைஃப் ஜாக்கெட் கரையிலும் போடச் சொல்லுங்கள். திட்டுவார். போடட்டும்.

பெல்விடியருக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்று நான் கேட்கவில்லை. நான் வரட்டுமா என்றும் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காலேப்

*

எடிசன்
மே 18, 2025

அன்புள்ள காலேப்,

நேற்று போனோம். போன சனிக்கிழமையும் போனோம், ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எழுதவில்லை.

நீ சொன்ன அதே பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். காபி வாங்கிக் கொடுத்தேன். மாத்திரையையும் கொடுத்தேன். "மணி பாத்தியா?" என்றார். "பாத்துட்டுத்தான் குடுக்கேன். சூரியன் எப்ப விழும்னும் பாத்தாச்சு" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். அவர் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

லைஃப் ஜாக்கெட்டுக்குத் திட்டினார். கரையில் எங்களைத் தவிர ஒரு அமெரிக்கக் கிழவர் மட்டும், மடக்கு நாற்காலியில். "தரையில முங்கிச் சாவேன்னு நெனப்பான் அவன்" என்றார். போட்டுக்கொண்டார்.

முடிச்சு நான்தான் போட்டேன். முதல் முடிச்சு அவிழ்ந்தது. உன் படத்தில் அம்புக்குறி ஒன்று தலைகீழாக இருக்கிறது, கவனி. இரண்டாவது நின்றது. அப்போது அவர் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மலைக்குப் பின்னால் வெளிச்சம் போனது. ஆற்றில் நீ சொன்ன கோடு தெரிந்தது. நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக. திரும்பிப் பார்த்தபோது தூண்டில் கம்பின் நுனி அசையாமல் இருந்தது. எந்த நிமிடத்தில் நின்றது என்று நான் பார்க்கவில்லை. வழக்கமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு நுனி வளைந்தது. "துணி மாதிரி இருக்கா?" என்று கேட்டேன். "யாரு சொன்னா ஒனக்கு?" என்றார். நரம்பைச் சுற்றினார். அவசரப்படாமல், நிறுத்தி நிறுத்தி. நான் வலையைத் தண்ணீருக்குள் வைத்துக் குனிந்திருந்தேன், ஷூ நனைந்து. மேலே வந்தபோது முதலில் தெரிந்தது கண்தான். நெற்றி விளக்கில் சின்னக் கண்ணாடி போல வெள்ளையாக எரிந்தது. ஃப்ரீசரில் துண்டு துண்டாக இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு கண் இருந்ததை யோசித்ததில்லை.

துரத்தவில்லை. தலைப்பக்கமாகத்தான் வந்தது.

அளந்தார். பதினெட்டு இன்ச் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு விரல் குறைவு. "விட்டுருவோம்" என்றார். இரண்டு கைகளாலும் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்து, அது தானாக அசையும் வரை அப்படியே வைத்திருந்தார். அந்த நேரம் முழுவதும் அவர் கையில் ஆட்டம் இல்லை. பார்த்தேன். எழுதிவைத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் வழியில், 287-ஆம் நெடுஞ்சாலையில், ஆட்டம் மறுபடி வந்தது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "படத்துல அம்பு தப்பா இருந்துச்சின்னு அவன்ட்ட சொல்லு" என்றார். உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவே இல்லை. கல் மேல் வைத்திருந்தபோது பார்த்திருக்கிறார் போல. எனக்குக் கோபம் வரவில்லை. சோர்வாக இருந்தது, பசித்தது. ரேடியோவைப் போட்டேன்.

உன் நம்பரை இன்று காலை திறந்துவிட்டேன். உடனே கூப்பிட்டுப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. நீயும் கூப்பிட்டு அழாதே.

இலையுதிர்ந்த பிறகுதான் பெரிய மீன் வரும் என்று அவர் சொல்கிறார். நவம்பரில் உனக்கு இந்தப் பக்கம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. ஜெபினாவையும் கூட்டிக்கொண்டு வா. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்குப் போகிற நாளில் நம் வீட்டில் சாப்பாடு திரும்பி வந்த பிறகுதான். நீ பசி தாங்க மாட்டாய். தாங்கு.

மதினி